அத்தை பக்கம் திரும்பு

மார்ச் 4

மாண்புமிகு மருமகளே, வாகனப் பயிற்சிப் பேரரசியே, எங்கள் குடும்பத்துக் கமிஷனரே,

இந்தக் கடிதத்தில் நான் சொல்லப்போகும் கதையை உலகத்தில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். என் தலையில் மிச்சமிருக்கும் முடிகளின் மேல் ஆணையாகச் சொல்கிறேன், எழுதுகிற எனக்கே பாதிதான் நம்பிக்கை. இருந்தாலும் எழுதுகிறேன். நீ போனை எடுப்பதில்லை. உன் பயிற்சிப் பள்ளி வாசலுக்கு வந்தால் கண்ணாடிக் கதவுக்குப் பின்னாலிருந்து மாட்டை விரட்டுவதுபோலக் கையை ஆட்டுகிறாய். ஆனால் உன் சீருடைச் சட்டையை வெளுத்து இஸ்திரி போடுவது இன்னமும் என் சலவைக்கடைதான் என்பதை மறந்துவிட்டாய் பார். இனி என் தூதர் உன் சட்டைப்பைதான்.

போன திங்கட்கிழமை சிக்னலில் நான் ஏன் கார்க் கதவைத் திறந்துகொண்டு இறங்கி நடந்துபோனேன் என்று நீ கேட்டாய். கேட்டாய் என்பதைவிட, தெரு முழுக்கக் கேட்கும்படி அலறினாய். விளக்கம் இதோ.

நான் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது எனக்கு இடது வலது தெரியவில்லை. டீச்சர் பார்த்தார். என் வலது மணிக்கட்டில் ஒரு சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டார். சாதாரண நாடா இல்லை. பள்ளிக்கூட வாசலில் ஆரம்பித்தால் துறைமுகம் வரைக்கும் போகும். கப்பல்காரர்கள் கயிறு போதாமல் அதில் கப்பலைக் கட்டினார்கள். ஊர்ப் பெண்கள் அதில் துணி காயப்போட்டார்கள். நான் சலவைத் தொழிலுக்கு வந்ததே அப்படித்தான். இதைவிட அதிசயம், அது மந்திர நாடா. ஒவ்வொரு இடைவேளையிலும் தானே அவிழ்ந்து, நடந்து, மறு கைக்குப் போய்க் கட்டிக்கொள்ளும்! இப்பேர்ப்பட்ட ஆசாமியிடம் நீ ஸ்டியரிங்கில் ஒரு சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி, "இதுதான் வலது, மாமா. இனிமே மறக்கவே முடியாது பாருங்க" என்றால், அந்த ஸ்டிக்கர் எந்த நிமிஷம் நடக்க ஆரம்பிக்குமோ என்று பயந்து இறங்கிவிட்டேன். இதில் என் தப்பு என்ன?

கதை முடிந்தது. இனி வருவது கதையில் சேர்த்தியில்லை. உன் அத்தைக்குக் கண்ணின் ஓரங்களில் பார்வை சுருங்கிக்கொண்டே வருகிறது, பக்கவாட்டில் வருவது தெரிவதில்லை. போனது போனதுதான், திரும்பாது, இனி வண்டி ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். அவள் என்ன சொல்கிறாள் தெரியுமா? "நீங்க லைசன்ஸ் எடுத்துட்டு வர்ற அன்னைக்குச் சாவியைத் தர்றேன். அதுவரைக்கும் வாயை மூடிக்கிட்டுப் பக்கத்துல உக்காருங்க." வேறு டிரைவர் வைக்கலாம் என்றால், அவள் வண்டியை வேறொருத்தன் தொடுவதற்குள் அவள் கண்ணை மூடிவிட வேண்டுமாம். கடைத் துணி ஏற்றும் வேனை இன்னமும் தினமும் அவள்தான் ஓட்டுகிறாள்.

என்னைத் திரும்பச் சேர்த்துக்கொள், கமிஷனரே.

உன் கால்தூசி,
மாமா


மார்ச் 7

மாமா,

கடிதம் கிடைத்தது. சட்டையில் கஞ்சி அதிகம். உட்கார்ந்தால் கழுத்தை அறுக்கிறது.

கப்பல் கட்டிய கதையெல்லாம் சொல்லித் தூங்கவைக்க நான் இப்போது சின்னப் பிள்ளை இல்லை. நீங்கள் கதவைத் திறந்துபோட்டுப் போன பிறகு பின்னால் நின்ற பஸ் டிரைவர் என் அம்மா வரைக்கும் விசாரித்தார். என் அம்மா உங்களுக்கு அக்கா என்பதையாவது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர் டீக்கடையில் எங்கள் முதலாளி நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் முறை எல்லாருக்கும் ஒன்றுதான். சொல், பார், காட்டு, திருப்பு. நான் "இடது" என்றால் நீங்கள் "இடது" என்று உரக்கத் திருப்பிச் சொல்ல வேண்டும். கண்ணாடியைப் பார்க்க வேண்டும். விளக்கைப் போட வேண்டும். அப்புறம்தான் திருப்ப வேண்டும். நடுவில் பேச்சு கிடையாது. நீங்கள் என்ன செய்தீர்கள்? "இடது!" என்று போர்க்களத்தில் முழங்குவதுபோல முழங்கிவிட்டு வலது பக்கம் திருப்பினீர்கள். ஒரு தரம் இல்லை, ஒவ்வொரு தரமும். நான் சத்தம் போட்டால் கை இரண்டையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்துவிடுகிறீர்கள்! நாலாவது வகுப்புக்குள் இடது வலது பிடிபடாதவர்களை நாங்கள் தேர்வுக்கு அனுப்புவதில்லை. அது விதி. சொந்தக்காரர் என்பதற்காக வளைக்க முடியாது. எங்கள் சுவரில் "இங்கே பயின்றவர் தோற்றதில்லை" என்று பலகை இருக்கிறது. அது சும்மா வந்ததில்லை.

அந்த ஸ்டிக்கரை நானாக யோசித்து, கடைக்குப் போய், உங்களுக்காகவே வாங்கிவந்தேன். விதியில் அதற்கு இடமில்லை. நீங்கள் அதைப் பார்த்த பார்வை... சரி, விடுங்கள்.

அத்தை கண் விஷயம் எவ்வளவு நிஜம்? உங்கள் கடிதத்தில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது என்றே தெரியவில்லை.

மருமகள்


மார்ச் 10

கஞ்சியால் கழுத்தறுபட்ட மகாராணிக்கு,

அத்தை விஷயம் முழுக்க நிஜம். பெரிதாக்கிச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை என்றால் பார்த்துக்கொள்.

வியாழக்கிழமை விடியற்காலை ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை இறக்கப் போய்க்கொண்டிருந்தோம். தெருமுனையில் வண்டியை நிறுத்தினாள். நின்றது நின்றபடி இருக்கிறது. "என்னடீ?" என்றேன். "அந்தம்மா ரோட்டைத் தாண்டட்டும்" என்றாள். நான் பார்த்தேன். குப்பைத்தொட்டி. கொஞ்சம் குண்டான குப்பைத்தொட்டி, மேலே ஒரு பையைச் சால்வைபோலப் போர்த்திக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அடுத்த திருப்பத்தில் அவள் பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. அவள் பார்க்கவில்லை. "உன் பக்கம்!" என்று கத்தினேன். பிரேக்கை மிதித்துவிட்டாள். சைக்கிள்காரன் சீட்டி அடித்தபடி போனான், அவனுக்கு ஒன்றும் தெரியாது. நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

உங்கள் பலகை பற்றி ஒரு வார்த்தை. நீச்சல் தெரியாத யாரையும் குளத்துப் பக்கமே விடாமல் விரட்டிவிட்டு, "எங்கள் குளத்தில் மூழ்கியவர் இல்லை" என்று பலகை மாட்டினால் எப்படி இருக்கும்? மஞ்சள் குடையோடு ஒரு பெண் உன்னிடம் படித்தாளே, ஞாபகம் இருக்கிறதா? நாலாவது வகுப்போடு நீ நிறுத்திய பெண். என் கடைக்குத்தான் துணி போடுகிறாள். சொன்னாள்: "அக்கா நல்லவங்கதான், அங்கிள். ஆனா சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்றாங்க. நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள திருப்பமே போயிடுது. வாயும் கையும் ஒண்ணா வேலை செய்யாது எனக்கு." எனக்கும் இரண்டும் ஒன்றாக வராது என்று, வாயை மூடிக்கொண்டு அவளுக்கு ஒரு துணியை உதறிக் காட்டினேன். வேறு என்ன ஆறுதல் சொல்ல எனக்கு வக்கு இருக்கிறது?

உன் அத்தைக்கு நான் இன்னும் வகுப்புக்குப் போவதாகத்தான் நினைப்பு. சாயங்காலமானால் பூங்காவில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். அங்கிருக்கும் புறாக்களுக்கு இப்போது சாலை விதிகள் அத்துப்படி.

பூங்காவாசி,
மாமா


மார்ச் 17

மாமா,

என்னைப் பற்றி மஞ்சள் குடையிடம் பேச உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? நான் என்ன வேண்டுமென்றா அந்தப் பெண்ணை நிறுத்தினேன்? விரட்டினேனாம். நான் ஒருத்தரையும் விரட்டியதில்லை. "கொஞ்ச நாள் கழிச்சு வாங்க" என்றுதான் சொல்வேன்.

யாரும் திரும்பி வந்ததில்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

இதுவரைக்கும் எழுதியதை இரண்டு தரம் சட்டைப்பையில் வைத்து, உங்கள் கடை ஆள் மூட்டை எடுக்க வரும்போது வெளியே எடுத்துவிட்டேன். இது மூன்றாவது சட்டை. இந்த முறை எடுக்கமாட்டேன்.

நேற்று விடியற்காலையில் நான் உங்கள் வண்டியில் வந்தது உங்களிடம் சண்டை போட இல்லை. அத்தை ஓட்டுவதைப் பார்க்கத்தான் வந்தேன். துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தேன், ஞாபகமிருக்கும். அத்தையைத்தான் பார்க்க வந்தேன், உங்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன். "உன் பக்கம் திரும்பு. என் பக்கம் ஒரு லாரி, கொஞ்சம் பொறு. ம், போ. இப்ப என் பக்கம்." அந்தச் சந்துபொந்தெல்லாம் நீங்கள்தான் வண்டியைக் கொண்டுபோனீர்கள். ஒரு இடத்தில்கூடத் தப்பு வரவில்லை. இடது வலது என்று ஒருமுறைகூட நீங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லை.

நீங்கள் விரிப்புகளை இறக்கப் போனபோது அத்தையிடம் கேட்டேன்.

"கல்யாணமான புதுசுல இடது வலதுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தோம். ஒரு நாள் ஆத்துக்குள்ள இறங்கப் பாத்தோம். அதோட விட்டுட்டேன்" என்றார்.

"விட்டுட்டு?"

"விட்டுட்டு என்ன? அவருக்கு எப்படிச் சொன்னாப் புரியுதோ அப்படிப் பேசிக்கிட்டோம். இதுல என்னடீ இருக்கு, இப்படி முழிக்கிற?"

நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சந்தை மூடியிருக்கும். பின்பக்கத்து மைதானம் காலியாக இருக்கும். உங்கள் வண்டியையே எடுத்து வாருங்கள், அத்தை ஓட்டிவரட்டும். திருப்பிச் சொல்ல வேண்டாம். ஸ்டிக்கர் கிடையாது. நான் சத்தம் போடமாட்டேன். முயற்சி செய்கிறேன்.

முதலாளிக்குத் தெரியக் கூடாது.

மருமகள்


மார்ச் 24

சந்தை மைதானத்தின் சக்கரவர்த்தினிக்கு,

நேற்று நடந்ததைச் சரித்திரம் தன் ஏட்டில் எழுதாமல் விட்டுவிடும் என்பதால் நானே எழுதிவைக்கிறேன். அட்டைப்பெட்டி இனத்துக்கு அதன் வரலாற்றில் நேர்ந்த மாபெரும் பேரழிவு நேற்றுத்தான் நிகழ்ந்தது. மலைபோலக் குவிந்திருந்த பெட்டிகள். உயரம் எவ்வளவு என்கிறாய்? உச்சியில் பனி உறைந்திருந்தது.

நீ என் பக்கத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தேனொழுக "அத்தை பக்கம் திருப்புங்க, மாமா" என்றாய். நான் திருப்பினேன். அழகாக, துளி தயக்கமில்லாமல், நான் உட்கார்ந்திருந்த பக்கத்துக்கே திருப்பினேன். ஏன் திருப்பமாட்டேன்? முப்பது வருஷமாக உன் அத்தை உட்கார்ந்திருக்கும் இருக்கை அதுதானே! அங்கே நான் உட்கார்ந்திருந்தது எனக்கே நினைவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னாலிருந்தால் அது அத்தை. எட்ட உட்கார்ந்து வழி சொன்னால் அது நான்.

பெட்டிகள் சரிந்து முடிந்த பிறகு உன் முதுகுக்குப் பின்னாலிருந்து அவள் சொன்னாள் பார்: "நான் இங்க மூட்டைமேல உக்காந்திருக்கேன், இவர் என்னை அங்க தேடிக்கிட்டு இருக்கார்!" நீ சத்தம் போடப்போகிறாய் என்று கையை எடுத்துவிட்டேன். நீ சிரித்தாய். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பாவாடை சட்டை போட்ட காலத்தில் என் பொய்களுக்குச் சிரித்ததுபோலச் சிரித்தாய். அப்போதுதான் கையை மறுபடி ஸ்டியரிங்கில் வைக்கத் தைரியம் வந்தது.

அப்புறம் நீ பின்னால் போய், அவளை முன்னால் கொண்டுவந்து உட்காரவைத்தாய். அந்த இருக்கையில் நான் அவளை ஒருநாளும் பார்த்ததில்லை, மருமகளே. கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. மடியில் வைத்தாள், கதவில் வைத்தாள். கால் மட்டும், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தது. "அத்தை பக்கம்" என்றாய். அவளைப் பார்த்தேன். அவள் பக்கம் திருப்பினேன். "மாமா பக்கம்" என்றாய். திருப்பினேன். மைதானத்தைச் சுற்றிச் சுற்றி வந்தோம். பூமி சுற்றுவது லேசாக நின்று எங்களைப் பார்த்தது.

ஆனால் ஒரு சங்கடம். தேர்வில் அந்த இருக்கையில் பரிசோதகர் உட்காருவார். அவர் இடது வலது என்பார். உன் அத்தையை அவர் மடியில் உட்காரவைக்க அவரும் சம்மதிக்கமாட்டார், நானும் சம்மதிக்கமாட்டேன். என்ன செய்யப்போகிறோம்?

பெட்டிகளின் எமன்,
மாமா


ஏப்ரல் 2

மாமா,

நேற்றுத் தேர்வு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கவுண்டரில் இருந்தவரிடம் சுற்றி வளைத்து விளக்கினேன். எங்கள் மாணவர் ஒருவருக்கு வார்த்தையாகச் சொன்னால் இடது வலது குழம்பும், கையால் காட்டினால் குழம்பாது, ஏதாவது மனுக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

"மனு எதுக்கு? வண்டியில ஏறினதும் கையைக் காட்டுங்கன்னு கேட்டா காட்டுவாங்களே."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே உண்டு, மேடம். உங்க ஸ்கூல்லேர்ந்து யாரும் கேட்டதில்லை. உங்க ஆளுங்கதான் எல்லாரும் பாஸாச்சே."

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பின்னால் வரிசையில் இருந்தவர் "நகருங்கம்மா" என்ற பிறகுதான் நகர்ந்தேன். நான் நிறுத்தியவர்கள் ஒவ்வொருத்தராக நினைவுக்கு வந்தார்கள்: ஒரு மீன்கடைக்காரர். கணக்குப் பேராசிரியர் ஒருவர். ஒரே மாதிரி இருக்கும் அக்கா தங்கை. மஞ்சள் குடை. இன்னும் எத்தனையோ பேர், முகம் வரமாட்டேன் என்கிறது. எல்லாரிடமும் "கொஞ்ச நாள் கழிச்சு வாங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை, மாமா. முறைக்குள் வராதவர்களிடம்தான் கோளாறு என்று இருந்துவிட்டேன்.

உங்களையும் மஞ்சள் குடையையும் பள்ளிப் பெயரிலேயே தேர்வுக்குப் பதிந்துவிட்டேன். "இவங்க தோத்தா பலகை என்ன ஆகும்?" என்று முதலாளி குதித்தார். "கழட்டிடலாம் சார்" என்றேன். பலகையோடு என்னையும் சேர்த்துக் கழற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். பார்ப்போம்.

ஒன்று கேட்க வேண்டும். சிக்னலில் ஏன் இறங்கிப் போனீர்கள்? உங்களுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. அன்றுகூடக் கோபமாகத் தெரியவில்லை. முகம் யாரோ சின்னப் பையன் முகம்போல ஆகிவிட்டது. அத்தையிடம் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. "மூட்டை கட்டச் சிவப்பு நாடா வாங்கினா மட்டும் கடையில திருப்பிக் குடுத்துட்டு வெள்ளை வாங்கிட்டு வருவார், ஏன்னு நான் கேட்டதில்லை" என்று மட்டும் சொன்னார்.

கப்பல் கதை வேண்டாம். நிஜத்தைச் சொல்லுங்கள்.

மருமகள்

பி.கு.: கஞ்சி இப்போது சரியாக இருக்கிறது.


ஏப்ரல் 27

என் அருமைக் கமிஷனரே,

முதலில் அரசாங்கச் செய்திகள். மஞ்சள் குடை முதல் தரத்திலேயே வென்றாள். நான் முதல் தரம் தோற்றது உலகறிந்தது. வண்டியைப் பின்னால் எடுக்கும்போது, தேர்வுத் தடத்தில் வைத்திருந்த சிவப்புக் கூம்பு தானாக ஓடிவந்து சக்கரத்துக்குள் விழுந்து தற்கொலை செய்துகொண்டது. அன்று சாயங்காலமே நீ ஸ்டூல் போட்டு ஏறிப் பலகையைக் கழற்றினாய் என்றும், முதலாளி பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு ஸ்டூலை மட்டும் பிடித்துக்கொண்டார் என்றும் மஞ்சள் குடை சொன்னாள். மறுநாள் நீ வழக்கம்போல வேலைக்கு வந்ததாகவும், அவர் வழக்கம்போல முறைத்ததாகவும் கேள்வி. பலகை இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக இருக்கிறதாமே. அப்படியே இருக்கட்டும். மீன்கடைக்காரர் திரும்பி வருகிறபோது பார்க்கட்டும்.

நேற்று இரண்டாம் தரம். பரிசோதகர் ஏறியதும், "ஐயா, வாயால் சொல்ல வேண்டாம், கையால் காட்டுங்கள்" என்றேன். அவர் ஒரு விரலை நீட்டினார். அந்த விரலின் கம்பீரம் என்ன சொல்ல! படை நடத்தலாம் அதைக் கொண்டு. நான் திருப்பிய அழகைப் பார்த்து நடைபாதை மரங்கள் பூத்தன, போக்குவரத்துப் போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றினார், பரிசோதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தூசி என்றார். நான் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து லைசன்ஸை மேஜைமேல் வைத்தேன். உன் அத்தை அதைக் கண்ணுக்கு நேராக, ரொம்பக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். "போட்டோவுல உங்களுக்கு என்னாச்சு, திருடன் மாதிரி இருக்கீங்க" என்றாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. "என் பக்கம் சைக்கிள் வந்தா நான் பாக்கமாட்டேன். நீங்கதான் பாக்கணும்" என்றாள். "உன் பக்கத்தை முப்பது வருஷமா நான்தானே பாத்துக்கிட்டு வர்றேன்" என்றேன். இன்று விடியற்காலை ஆஸ்பத்திரிக்கு நான் ஓட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். குப்பைத்தொட்டி அம்மா ரோட்டைத் தாண்டுவதற்காக ஒரு நிமிஷம் நிறுத்தினேன்.

இனி நீ கேட்டது. யாரும் நம்பமாட்டார்கள் என்று சொல்லித்தானே ஆரம்பித்தேன்? நீயும் நம்பவில்லை. நம்பக் கூடாது என்றுதான் அத்தனை கப்பலையும் அதில் கொண்டுவந்து கட்டினேன். கப்பல் பொய். துணி காயப்போட்டது பொய். அது துறைமுகம் வரைக்கும் போகவில்லை. என் மணிக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றி ஒரு முடிச்சு போடுமளவுக்குத்தான் இருந்தது. மந்திரமும் இல்லை, தானாக நடக்கவும் இல்லை. இடைவேளையில் பிள்ளைகள் என்னைப் பிடித்து வைத்துக்கொண்டு அதை அவிழ்த்து மறு கையில் கட்டுவார்கள். மணி அடித்ததும் டீச்சர் வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, "எங்கே, வலது கையைத் தூக்கு" என்பார். நான் நாடா இருக்கிற கையைத் தூக்குவேன். வேறெதைத் தூக்குவது?

வருஷம் முழுக்கச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரிக்கப் பழகினேன். அன்று பழகியதுதான் இந்த அளப்பு.

உன் ஸ்டிக்கரில் தப்பில்லை, கண்ணு. அன்பாகத்தான் ஒட்டினாய். நிறம்தான்.

ஆக, என் கதையில் எல்லாமே புளுகு. அந்த நாடா மட்டும் நிஜம்.

மாமா